ஐந்து நாற்பது படகு

சீட்டுக் கிழிப்பதுதான் என் வேலை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஒரு ஹீட்டர், ஒரு கீபோர்டு.
அந்தப் பக்கம் சிலோயே தீவின் மழை,
அதில் நனைந்து வந்த ஒன்பது பேர்.

தொமித்திலா சிகுவாய் தன் போனைக்
கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.
"பார். ஐந்து நாற்பது என்று போட்டிருக்கிறது.
இப்போது ஆறரை. எங்கே படகு?"
அவள் காலடியில் இரண்டு சாக்குச் சிப்பி
மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

காற்று பலம், படகு ரத்து என்றேன்.
"அப்படியென்றால் இது பொய் சொல்கிறதா?"
பொய்யில்லை. அது கேச்.

அந்தச் சொல்லை எடுத்திருக்கவே கூடாது.
ஒன்பது தலைகளும் திரும்பின.
படகில்லாத மாலையில் வேறென்ன வேலை அவர்களுக்கு?

உங்கள் போன் ஒரு சோம்பேறி, என்றேன்.
ஒருமுறை பார்த்த பக்கத்தை மடியில் முடிந்துகொள்ளும்.
மறுமுறை கேட்டால்
சாந்தியாகோ வரை போவானேன் என்று
மடியிலிருந்தே எடுத்து நீட்டும்.

"சாந்தியாகோவில் யார்?"
சர்வர்.
"ஆளா?"
கணினி. குளிரூட்டிய அறையில் உறங்காமல் நிற்கும்.
கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும்,
கேட்காவிட்டால் அசையாது.
டிப்ஸ் கிடையாது.
அதனிடம் போய்க் கேட்பது உலாவி.
நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள்,
உங்களுக்காக அது நடக்கிறது.

மீன்பண்ணையில் முக்குளிக்கும் ரெமிகியோ நகுயில்
தொண்டையைச் செருமினார்.
பிப்ரவரியில் ஒரே ஒரு தடவை
படகு மோட்டார் ஒன்றின் விலையைப் பார்த்தாராம்.
அன்றிலிருந்து செய்தி திறந்தால் மோட்டார்,
வானிலை திறந்தால் மோட்டார்,
பெரியம்மாவின் மரண அறிவிப்புக்குப் பக்கத்திலும்
அதே மோட்டார், தள்ளுபடியோடு.

குக்கீ, என்றேன்.
கடைக்காரன் உங்கள் சட்டைப் பையில் போட்டனுப்பிய துண்டுச்சீட்டு.
போகுமிடமெல்லாம் எவனோ எடுத்துப் படிக்கிறான்.
அழித்துவிடலாம்.
ஆனால் அழித்தால் எல்லா இடத்திலும்
மறுபடி பாஸ்வேர்டு கேட்பார்கள்.

ரெமிகியோ நெடுநேரம் யோசித்தார்.
"மோட்டாரே இருக்கட்டும்."

பின்வரிசையில் ஒருத்திக்கு வைஃபை சந்தேகம்:
கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன,
ஒன்றும் திறக்கவில்லையே?
வைஃபை என்பது கரைக்கும் படகுக்கும் இடையே போடும் பலகை.
பலகை போட்டிருக்கிறது. படகுதான் இல்லை.
"இன்றைக்கு எல்லாமே அப்படித்தான்" என்றாள்.

சரி தொமித்திலா,
மேலே வட்டமாய் வளைந்த அம்பு தெரிகிறதா? அதை அமுக்குங்கள்.
ரெஃப்ரெஷ்.
மடியில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுப்
புதிதாய்ப் போய்க் கேள் என்று அர்த்தம்.

சிப்பி கீறிய பெருவிரலால் அமுக்கினாள்.
சின்ன வளையம் சுற்றியது.
எட்டுப் பேர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.
வளையம் நின்றது.
ஐந்து நாற்பது.

மறுபடி.
ஐந்து நாற்பது.

அப்போதுதான் என் வயிற்றுக்குள் என்னவோ நழுவியது.
மதியமே துறைமுகத்திலிருந்து போன் வந்தது.
அட்டவணையில் ஏற்ற வேண்டியவள் நான்.
சூப் ஆறிப்போகுமே என்று எழுந்து போனவளும் நான்.
சாந்தியாகோவில் அந்த அப்பாவி என்ன செய்யும்,
நான் கொடுத்ததை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மேசை விளிம்புக்குக் கீழே
கீபோர்டை மடியில் இழுத்து வைத்து
மூன்றே எழுத்து. என்டர்.

"இன்னொரு தரம் அமுக்குங்கள்.
சில நேரம் கேச் பிடிவாதம் பிடிக்கும்."

வளையம்.
ரத்து.
யாரோ கைதட்டினார்கள்.
படித்த பெண் என்றார் ரெமிகியோ.
தொமித்திலா மட்டும் போனைப் பார்க்கவில்லை,
என் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை சந்தையில்
அவளிடம் ஒரு கிலோ சிப்பி வாங்கினேன்.
பலகையில் சாக்பீஸால் இரண்டாயிரம் பெசோ.
கேட்டது மூவாயிரம்.
பலகையைக் காட்டினேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல்
பையின் வாயை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:
"கேச்."

மூவாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.